முத்திரை விழுந்த பக்கங்கள்

குணரத்தினம் மூன்று சோடிச் சப்பாத்துகளை விறாந்தையில் வரிசையாக வைத்து, எதைப் போடுவது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"கறுப்பு வேண்டாம்," என்றாள் மனோன்மணி. கதிரையில் சாய்ந்திருந்த அவள் மடியில் 'மினுக்கிய சப்பாத்து' நாவல் விரிந்து கிடந்தது. "இந்தக் கதையில வாறவன் கறுப்புத்தான் போடுறவன்."

"போட்டால் என்ன? பெரியாளாய் வந்தவன்தானே."

"வந்தவன்தான். வந்து செய்த வேலையைக் கேட்டால் காறித் துப்புவியள். பெத்த தாயை..."

"சொல்லிப் போடாதையும்." அவர் கையை நீட்டித் தடுத்தார். "பிரதம விருந்தினர் நான். முடிவைத் தெரிஞ்சுகொண்டு போய் முன் வரிசையில இருந்தால் முகத்தில ஒரு களை இராது."

"புத்தகம் வந்து ரெண்டு வருசம். பஸ்ஸில, சந்தையில, கோயில் வீதியில எல்லாம் இதுதான் கதை. நீங்கள் ஒரு பக்கம் புரட்டிப் பாக்கேல்லையே?"

"கதைப்புத்தகம் வாசிக்கிறது குசினிக்குள்ள இருக்கிறவையின்ர வேலை."

மனோன்மணி பக்கத்தைப் புரட்டினாள். அவள் அந்த நாவலை இரண்டாம் தரமாக வாசித்துக்கொண்டிருந்தாள். முதல் தரம் அழுதது போதாது என்று இப்போதும் மூக்கை உறிஞ்சினாள்.

குணரத்தினம் கறுப்பையே எடுத்தார். இன்று அவருக்கு எடுப்பாக இருக்கவேண்டிய நாள். கொழும்பிலிருந்து, கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து தங்கரத்தினம் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார். தங்கரத்தினத்தின் மகனுக்கும் குணரத்தினத்தின் மகள் லோஜினிக்கும் சாதகம் பொருந்திவிட்டது. பிற்பகல் நாடகம். நாளை காலை சம்பந்தத்தை முற்றாக்குவதாக ஏற்பாடு. ஊர் தனக்குப் பொன்னாடை போர்த்துவதை வருங்காலச் சம்பந்தி கண்ணால் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அவர் இந்த நாடகத்துக்கு அத்தனை ஓடித் திரிந்தார்.

அவர் கேட்க விரும்பாத அந்தக் கதை அவருடையதுதான். அது தெரிந்தவர்கள் திருகோணமலையில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் அவர் இல்லை.

* * *

தெரிந்தவர்களில் ஒருத்தி கனகம்மா. உப்புவெளியில் தனியே இருப்பவள். நகரத்து அச்சகம் ஒன்றில் இருபத்தைந்து வருடமாக நின்றபடி ஈய எழுத்துக் கோப்பவள். குணரத்தினத்தின் கூடப்பிறந்த அக்கா.

அவர்களுடைய அப்பன் இராசையா கடற்படைத் தளத்துக் குசினியில் சமையல்காரன். தாய் அங்கேயே ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் பிள்ளை பார்த்தவள். தம்பி படித்தான். அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தில் சேர்ந்தான். பிறகு சாமான் கொடுக்கிற கொந்தராத்து எடுத்தான். உட்துறைமுக வீதியில் பெரிய வீட்டுக்காரர் பெண் தருவதாகக் கேட்டு வந்தார்கள். கலியாண வீட்டில், 'இது ஆர்?' என்று மாமனார் கேட்டபோது, தேத்தண்ணித் தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்து, 'வேலைக்காரப் பொம்பிளை' என்றான் தம்பி. அன்று அவள் குசினிக்குள் நிலத்தில் இருந்து சாப்பிட்டாள். அது நடந்து இருபத்திரண்டு வருடம்.

அதைக்கூடக் கனகம்மா விழுங்கியிருப்பாள். இரண்டு வருடம் கழித்து அவன் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று விடியவே தாய் செத்துப் போனாள். மூன்று தரம் ஆள் அனுப்பினாள் கனகம்மா. மூன்றாம் தரம் அவளே போய்க் கேற்றடியில் நின்றாள். அரசாங்க அதிபர் தொடக்கம் பெரிய ஆட்கள் எல்லாம் உள்ளே கூடியிருந்தார்கள். சாவுத் துடக்கு என்று தெரிந்தால் பால் காய்ச்ச முடியாது, வந்தவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். தம்பி கேற்றுக்கு வெளியே வந்து, 'பின்னேரம் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதை' என்று சொல்லிவிட்டுக் கேற்றைப் பூட்டினான். பின்னேரமும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னராசாதான் கொள்ளி வைத்தான்.

இதைத்தான் அவள் எழுதினாள். ஊரை மாற்றினாள், பெயரை மாற்றினாள், 'துறைமுகன்' என்று ஒரு புனைபெயரையும் போட்டாள். கழித்துவிட்ட புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியதை ஒரு வார இதழ் தொடராகப் போட்டது. பிறகு புத்தகமாக வந்து மூன்று பதிப்பு ஓடியது. துறைமுகன் என்பவர் யாரோ ஓய்வுபெற்ற வாத்தியார் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

தெரிந்த மற்றவர் மஹ்ரூப் மாஸ்டர். கிண்ணியாக்காரர், நாடகக்காரர். அகதியாய் வந்த பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதற்காக நாவலை நாடகமாக்கினார். யுத்தம் நடந்த அந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டில் நாடகம் போடுவது எழுதினால் முடிகிற காரியமல்ல. முழு எழுத்தையும் சிங்களத்தில் பெயர்த்து, நடிப்பவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சேர்த்து இராணுவ முகாமில் கொடுக்கவேண்டும். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை விழவேண்டும். ஊரில் மதிப்பான ஒருவர், 'இதில் ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது' என்று பொறுப்பாளராகக் கையெழுத்து வைக்கவேண்டும்.

மாஸ்டர் இரண்டு மாதம் அலைந்தார். அனுமதி கிடைக்கவில்லை. முகாம்களுக்கு மரக்கறி கொடுக்கிற கொந்தராத்துக்காரர் குணரத்தினம் ஒரே நாளில் எடுத்துக் கொடுத்தார். போன கிழமை, நாற்பத்தாறு பக்கத்தில் ஒன்றைக்கூடப் புரட்டாமல், பொறுப்பாளர் என்ற இடத்தில் வடிவாகக் கையெழுத்தும் வைத்தார். 'ஏழைப் பிள்ளை ஒண்டு பெரியாளாகிற கதை, சேர்' என்று மாஸ்டர் சொன்னது அவருக்குப் போதும்.

குணரத்தினத்தையே பொறுப்பாளராகப் பிடிக்கிற யோசனையை மாஸ்டரிடம் சொன்னவள் கனகம்மா.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நிறைந்த சபையில், தம்பி தன் வாயால் அவளை அக்கா என்று சொல்லவேண்டும். அன்பினால் அல்ல. அந்த ஒரு சொல்லில் அவன் கட்டிய மாடி இறங்கிவிடும் என்பதால்.

* * *

பதினொன்றரைக்கு மஹ்ரூப் மாஸ்டர் மண்டபத்துக்குள் ஓடி வந்தார்.

"மூதூர் லாஞ்ச் வராதாம். கடல்ல ஏதோ சோதனை. றம்ஸியா அக்கரையில நிக்கிறா."

றம்ஸியாதான் அக்கா வேடம். மேடையில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த அஸீம் அப்படியே நின்றான். அவன்தான் கதாநாயகன் சிவபாலன்.

"பிறகென்ன," என்றான் அஸீம். "பந்தலைக் கழட்டுவம்."

"ரெண்டு மணிக்கு ஆக்கள் வந்துருவாங்க. ஆறு மணிக்கு ஊரடங்கு. பின்னுக்குப் போடவும் ஏலாது." மாஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படியில் குந்தினார். வெளியே கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து, மதிலில் ஒட்டியிருந்த நாடக நோட்டீசைப் பசையோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது. அதை ஒருவரும் விரட்டவில்லை.

திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க இருந்த கனகம்மா எழுந்து வந்தாள்.

"நான் செய்யிறன்."

"நீங்களா அக்கா? வசனம்..."

"ஆர் எழுதினது மாஸ்டர்?"

அஸீம் காதில் விழாமல் மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "பட்டியல்ல இல்லாத ஆள் மேடையில ஏறினா கேள்வி வரும்."

"வசனம் எடுத்துக் குடுக்கிற ஆளெண்டு என்ர பேர் இருக்கு. அட்டை இலக்கமும் இருக்கு. அவரிட்டக் கேளுங்கோ."

அவர் என்பது முகாமிலிருந்து வந்திருந்த அதிகாரி. தமிழ் வாசிக்கக் கூடியவர். முன் வரிசை ஓரத்தில் ஒரு மேசை போட்டு, முத்திரை விழுந்த நாற்பத்தாறு பக்கத்தையும் ஒரு பென்சிலையும் வைத்துக்கொண்டு ஏற்கெனவே குந்திவிட்டார். மரியாதையான மனிதர். கனகம்மாவின் அடையாள அட்டையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், ஒரு கோடு போட்டார்.

"ஆள் மாறலாம். சொல் மாறக்கூடாது," என்றார். "ஜன்னல் எல்லாம் திறந்து இருக்கணும்."

வெளிச்சத்தை மறைக்கக் கட்டியிருந்த கறுப்புத் துணிகளை அவிழ்த்தார்கள். பட்டப்பகல் மண்டபத்துக்குள் வந்தது. மேடையில் நிற்பவளுக்கு முன் வரிசை முகம் ஒவ்வொன்றும் தெரியும். கனகம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

* * *

ஒரு மணிக்குக் குணரத்தினம் ஏற்பாடு பார்க்க வந்தார். பிரதம விருந்தினரின் கதிரைக்கு மெத்தை போட்டிருக்கிறார்களா என்று பார்த்தார். மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நூல் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் தட்டோடு ஒருத்தி நின்றாள்.

இருபது வருடத்தில் தலை நரைத்திருந்தது. நிற்கிற நிலை மாறவில்லை.

"நீ இஞ்ச என்ன செய்யிறாய்?"

"நடிக்கப் போறன்."

"ஆர் உன்னை நடிக்கச் சொன்னது?"

"நீதான் பழக்கினனீ. தட்டோட வந்து வேலைக்காரியாய் நில் எண்டு."

குணரத்தினம் சுற்றிலும் பார்த்தார். மாஸ்டர் மட்டும் நின்றார். கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது.

"இந்தக் கதை..."

"ஓம்."

"துறைமுகன் எண்டுறது..."

"நான்தான். அச்சகத்தில எழுத்துக் கோத்துக் கோத்துக் கை சும்மா இருக்குதில்லை. இதையும் கோத்தனான்."

"மாஸ்டர்," என்றார் குணரத்தினம், அவள் பக்கம் திரும்பாமல். "நடிகைக்குச் சுகமில்லை எண்டு அறிவியும். நாடகத்தை நிப்பாட்டும்."

மஹ்ரூப் மாஸ்டர் கையிலிருந்த தாள்களை ஒழுங்காக்கினார். "நிப்பாட்டலாம் சேர். ஆனா ஏன் நிப்பாட்டினதெண்டு பொறுப்பாளர்தான் முகாமுக்கு எழுதிக் குடுக்கணும். கையெழுத்து ஒங்கட."

"அப்ப இவ வாற காட்சியள வெட்டும்."

"வெட்டினா நாப்பத்தாறு பக்கத்தில பக்கம் குறையும். அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்."

வெளியே வான் ஒன்று வந்து நின்றது. தங்கரத்தினத்தின் குரல் கேட்டது. குணரத்தினம் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

"கதையில அவன்ர பேர் என்ன?"

"சிவபாலன்," என்றார் மாஸ்டர்.

"ஊர்?"

"மன்னார், சேர்."

குணரத்தினத்தின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. மெல்லச் சிரித்தார். கழுத்துப்பட்டியை மறுபடி இறுக்கினார்.

"மன்னாரில ஒரு சிவபாலன். அவனுக்கு ஒரு வேலைக்காரி. எனக்கென்ன?" கனகம்மாவுக்குக் கிட்ட வந்தார். "எழுதினனீ சரி. பேர் போட உனக்குத் துணிவு வரேல்லையே. பேரில்லாத கதை ஆரைச் சுடும்? நான் முன்னுக்கிருந்து கை தட்டுவன், பார். இனி ஒரு சொல் கூட்டினாய் எண்டால் நானே எழும்பி அந்த மனுசனிட்டச் சொல்லிக் குடுப்பன்."

அவர் போனார். சப்பாத்துச் சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது.

கனகம்மா அவன் போன பக்கத்தைப் பார்த்தாள். காட்சியைப் பார்த்தால் அவன் தாங்கமாட்டான், வியர்ப்பான், எழும்பி ஓடுவான் என்றுதான் அவள் அதுவரை நம்பியிருந்தாள். அவன் கை தட்டுவான் என்று நினைக்கவில்லை. இப்போது அவனே வந்து, எது குறைகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "அக்கா. ஒண்டும் கூட்ட மாட்டீங்கதானே?"

"எழுத்து என்ர மாஸ்டர்."

"எழுத்து ஒங்கட. முத்திரை அவங்கட." "என்ட புள்ளயள் கிண்ணியாவில இரிக்கி. எனக்குப் பயமா இரிக்கி அக்கா, சும்மா சொல்லல்ல."

"பொறுப்பு உங்கட பேரில இல்லை. நான் பாத்துத்தான் அவன்ர கையெழுத்தை வாங்குவிச்சனான்."

மாஸ்டருக்கு அது பதிலாகப் படவில்லை. ஆனால் உள்ளே மேளம் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

* * *

குணரத்தினத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பத்து நிமிடம் பேசினார். "தன்ர முயற்சியால உயருறவனை இந்த ஊர் எப்பவும் மதிக்கும்," என்றார். தங்கரத்தினம் தலையாட்டினார். லோஜினி குனிந்து கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை விலகியது. சிவபாலன் தாயின் காதுத் தோட்டை விற்றுச் சப்பாத்து வாங்கினான். சபை முணுமுணுத்தது. கந்தோரில் பெரியவர்களுக்கு முன்னால் வளைந்தான், சிரித்தான், கலியாணம் பேசினான். பின்வரிசையில் இருந்த மீன்காரப் பெண்கள் வாய் விட்டே ஏசினார்கள்.

"எட கட்டையில போவானே," என்றாள் ஒருத்தி.

"பாருங்கோ, பாருங்கோ," என்று மனோன்மணி கணவனின் முழங்கையில் தட்டினாள். "இனித்தான் அந்த மூதேவி சொந்த அக்காவை வேலைக்காரி எண்டு சொல்லப் போறான்."

குணரத்தினம் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

கலியாணக் காட்சி. பட்டு வேட்டியோடு அஸீம் நின்றான். மாமனார் வேடக்காரர் மீசையை முறுக்கினார். கனகம்மா தட்டோடு வந்தாள்.

"இது ஆர் மாப்பிளை?" என்றார் மாமனார்.

"இதுவா? வேலைக்காரப் பொம்பிளை," என்றான் சிவபாலன்.

எழுத்தில் அடுத்த வரி, 'ஓம் ஐயா, வேலைக்காரிதான்' என்பது. அதைச் சொல்லிவிட்டு அவள் வலப்பக்கத்தால் உள்ளே போகவேண்டும்.

கனகம்மா போகவில்லை. தட்டை நிலத்தில் வைத்தாள். மேடை விளிம்புக்கு வந்தாள். அஸீமைப் பார்க்காமல் கீழே, பொன்னாடை போர்த்திய மனிதரின் கண்ணுக்குள் பார்த்தாள்.

"ஓம், துரைக்குட்டி," என்றாள். "வேலைக்காரிதான்."

குணரத்தினத்தின் கால் கீழே இறங்கியது.

அந்தப் பெயரை அவர் கேட்டு இருபத்திரண்டு வருடம். துரை வீட்டுப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, தன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தாய் கூப்பிட்ட பெயர். அதைக் கூப்பிட்ட மூன்று பேரில் இரண்டு பேர் சாம்பலாகிவிட்டார்கள்.

அதிகாரியின் பென்சில் நின்றது. வரியைத் திரும்ப வாசித்தார். கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க."

மேளம் நின்றது. மண்டபத்தில் விசிறிச் சத்தம் மட்டும்.

"அந்தப் பேர் இங்க இல்ல," என்றார் அதிகாரி. "யார் துரைக்குட்டி?"

மேடையில் நிற்பவள் எழுத்தில் இல்லாத ஒரு பெயரைச் சபையைப் பார்த்துச் சொன்னால், அது யாருக்கோ கொடுக்கிற சைகை என்று நினைக்கிற காலம் அது. வாசலில் நின்ற இரண்டு படையினரும் உள்ளே ஓரடி வந்தார்கள். முன்வரிசைக் குழந்தை ஒன்றைத் தாய் மடியில் இழுத்துக்கொண்டாள். மஹ்ரூப் மாஸ்டர் திரைச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

"அம்மா, உங்களைத்தான் கேக்கிறன். யார் அது?"

கனகம்மா கையைக் கூப்பினாள். "பொறுப்பாளர் இருக்கிறார், சேர். அவரிட்டக் கேளுங்கோ."

அதிகாரி தாள்களைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு மெத்தை போட்ட கதிரையைப் பார்த்தார்.

"மிஸ்டர் குணரத்தினம்."

குணரத்தினம் எழுந்தார். பொன்னாடை ஒரு தோளிலிருந்து வழுகியது.

தெரியாது என்று சொல்லலாம். அப்படியானால் தான் கையெழுத்து வைத்த எழுத்துக்குள் தெரியாத ஒரு பெயர் வந்துவிட்டது. மண்டபம் பூட்டப்படும். விசாரணை வரும். மரக்கறிக் கொந்தராத்தும் முகாம் வாசலும் அத்தோடு சரி. தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

பக்கத்திலிருந்த தங்கரத்தினம் அப்புக்காத்து, உதவி செய்கிறேன் என்று நினைத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார். "தெரியாதெண்டு மட்டும் சொல்லாதையும் ஐசே. பிறகு சிக்கல். ஆரெண்டு தெரிஞ்சால் இப்பவே சொல்லிப் போடும்."

குணரத்தினம் மேடையைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அது... ஒரு வீட்டுப் பேர், சேர்."

"யாருக்கு?"

"என்ர பேர்தான்."

"உங்களுக்கு அந்தப் பேர் யார் வச்சது?"

"அம்மா."

அதிகாரி எழுதிக்கொண்டார். அவருக்கு ஊர்க் கதையில் ஆர்வம் இல்லை. கேள்வி முடியவேண்டும், அவ்வளவுதான்.

"அப்ப இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இவங்க உங்களுக்கு யாரு?"

நானூறு பேர் இருந்த மண்டபத்தில் ஒரு கதிரையும் கிறீச்சிடவில்லை. திறந்த ஜன்னலால் வந்த வெளிச்சம் குணரத்தினத்தின் முகத்தில் நேராக விழுந்திருந்தது.

"அக்கா," என்றார்.

"சத்தமா."

"என்ர அக்கா, சேர். கூடப்பிறந்த அக்கா."

பின்வரிசையில் இருந்த மீன்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லக் கேட்டாள். "அப்ப இவன்தானோடி அவன்?" மெல்லக் கேட்டதுதான். ஆனால் அந்த அமைதியில் அது முன்வரிசை வரை வந்து சேர்ந்தது.

தங்கரத்தினம் தன் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவருடைய மனைவி கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். லோஜினி முதல் தரமாகத் தலையை நிமிர்த்தி, மேடையில் நிற்கும் நரைத்த பெண்ணின் மூக்கையும் தன் தகப்பனின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கனகம்மாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நெஞ்சு குளிரும் என்று இருபது வருடமாக நினைத்திருந்தாள். குளிரவில்லை. உப்புத் தண்ணீர் குடித்தவள் போல இன்னும் வேண்டும் என்றிருந்தது. தம்பியின் மகளுடைய முகத்தைக் கண்டபோது ஒரு கணம் பார்வையை விலக்கினாள். பிறகு, கேற்றுக்கு வெளியே நின்ற அந்தக் காலையை நினைத்துக்கொண்டு மறுபடி தம்பியைப் பார்த்தாள்.

அதிகாரி முப்பத்தைந்தாம் பக்கத்தின் ஓரத்தில் 'துரைக்குட்டி, பொறுப்பாளரின் வீட்டுப் பெயர்' என்று எழுதி, கீழே தன் பெயரையும் இட்டார்.

"சரி. பதிஞ்சாச்சு. இனி ஒரு சொல்லும் கூடாது. தொடருங்க."

"சேர்," என்றார் குணரத்தினம். "எனக்குக் கொஞ்சம் சுகமில்லாமல் இருக்கு. நான் வீட்டை போகலாமோ?"

"பொறுப்பாளர் முடியும் மட்டும் இருக்கவேணும். அப்படித்தான் நீங்க கையெழுத்து வச்சது." அதிகாரி மிச்சத் தாளை விரலால் தட்டிப் பார்த்தார். "இன்னும் பதினொரு பக்கம்தான்."

குணரத்தினம் இருந்தார். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். கலியாண வீட்டில் ஒரு சொல் தவறிப் போயிற்று, சின்ன வயது, ஏதோ வெட்கம் என்று நாளைக்குத் தங்கரத்தினத்தைச் சமாளித்துவிடலாம். மனிதர் அப்புக்காத்து. எத்தனை வழக்குப் பார்த்திருப்பார்.

மனோன்மணி மேடையையே பார்த்திருந்தாள். அவள் அழவில்லை. மேடையில் கதிரைகளை எடுத்துவிட்டு மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினார்கள். மாவிலை கட்டினார்கள். புதுப் பானையைக் கொண்டு வந்தார்கள். அஸீம் கறுப்புச் சப்பாத்தைப் படியில் கழற்றி வைத்துவிட்டு, புதுவீட்டுக்காரனாகக் கை கட்டி நின்றான். இடப்பக்கத்தில், வாசல் என்று நிறுத்திய தட்டிக்கு வெளியே, தலைவிரி கோலமாகக் கனகம்மா வந்து நின்றாள்.

"எங்கட வீட்டுக்குப் பால் காய்ச்சின அண்டைக்கு," என்றாள் மனோன்மணி. குரல் உயரவில்லை. "உங்கட அம்மா எங்க கிடந்தவ?"

குணரத்தினம் திரும்பி மனைவியைப் பார்த்தார். புத்தகத்தை வாசித்தவள் அவள். என்ன வரப்போகிறது என்பது அந்த வரிசையில் அவருக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மனோ, எழும்பும். போவம்."

"செத்துப் போச்சு எண்டு கலியாணத்துக்கு முதலே சொன்னனீங்கள். எங்க கிடந்தவ எண்டு கேட்டனான்."

அவர் எழும்பப் பார்த்தார். அவள் பொன்னாடையின் தொங்கலை எடுத்துத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள்.

"இருங்கோ," என்றாள். "அந்த வீட்டில இருபது வருசம் விளக்கேத்தினவள் நான். நானும் கேக்கவேணும்."

பால் பொங்கியது. அதிகாரி தாளைத் திருப்பினார்.

முப்பத்தாறாம் பக்கத்தின் முதல் வசனம் கனகம்மாவுடையது. அதில் ஒரு சொல்லையும் அவள் மாற்றப் போவதில்லை.